கடலுக்கும் ஒரு எஃப்டிஎல் வேண்டும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ நிலம் கிடந்து, அதை என்ன செய்வது என்று ஞாயிறு தோறும் போனில் பேசிக்கொண்டிருப்பவர்கள் முழுசாகப் படித்துவிடுங்கள். மற்றவர்கள் பறவைகளுக்காகப் படிக்கலாம் :-)

போன ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் போவதற்காக மல்காஜ்கிரி ஸ்டேஷனில் எம்எம்டிஎஸ் வண்டிக்குக் காத்திருந்தோம். வண்டி வழக்கம்போல லேட். ஏழாவது படிக்கும் மகள் நடைமேடை முனையில் இருந்த மஞ்சள் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். ஊர்ப்பெயருக்குக் கீழே, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று சின்னதாக ஒரு வரி இருக்குமே, அங்கே வந்து நின்றுவிட்டாள்.

"அப்பா, இங்கதான் கடலே இல்லையே. எந்தக் கடலைச் சொல்றாங்க?"

"எங்க ஊர்க் கடலையும் சேர்த்துத்தான் சொல்றாங்க" என்றேன். அப்பா வழக்கம்போல ஊர்ப் பெருமை அடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். ஆனால் நிஜமாகவே அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்தில் நாடு முழுக்க உயரம் அளக்க ஓர் அடிக்கோடு தேவைப்பட்டது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாவின் ஃபால்ஸ் பாயின்ட் என்று ஒன்பது இடங்களில் கடல் ஏறி இறங்குவதைப் பல வருடம் அளந்தார்கள். அதில் சராசரி எடுத்து, இதுதான் பூஜ்யம் என்று 1909 இல் முடிவு செய்தார்கள். ஆக, தக்காணத்தின் மேல் 500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உட்கார்ந்திருக்கும் மல்காஜ்கிரியின் கணக்கில் நாகப்பட்டினத்துக் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பூஜ்யம் இப்போது அங்கே இல்லை. கடல் ஏறிவிட்டது. இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

அன்று ராத்திரியே சித்தப்பாவிடமிருந்து போன். வேதாரண்யத்துக்கு மேற்கே, சதுப்புக்கு வடக்குப் பக்கமாக எங்கள் குடும்பத்துக்கு ஆறு மா நிலம் இருக்கிறது (ஹைதராபாத் கணக்கில் சொன்னால் இரண்டு ஏக்கர்). நிலம் என்று கௌரவமாகச் சொல்கிறேன். மழை நன்றாகப் பெய்த வருடம் ஒரு போகம் நெல் வரும். இல்லாவிட்டால் ஆடு மேயும் களர். அதை வனாமி இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்கிறார்களாம். ஐந்து வருடம். சுற்றிலும் உயரமாகக் கரை எடுத்து, குளம் வெட்டி, போர் போட்டு அவர்களே எல்லாம் செய்துகொள்வார்கள்.

"பெரியப்பா பசங்க எல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. பத்திரத்தை கூரியர்ல அனுப்புறேன், போட்டு அனுப்பிடு."

"யோசிச்சுச் சொல்றேன் சித்தப்பா."

"இதுல யோசிக்கிறதுக்கு என்னடா இருக்கு?"

என்ன இருக்கிறது என்று யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு எங்கள் பக்கத்துச் சதுப்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொள்வானே, அதே கோடிக்கரைதான். கோடியக்கரையில் ஆரம்பித்து மேற்கே முத்துப்பேட்டை தாண்டி அதிராம்பட்டினம் பக்கம் வரை கிட்டத்தட்ட 48 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் சேறும் தண்ணீரும். கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் நிரம்பும். சித்திரை வெயிலில் காய்ந்து உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். உப்பு தானாக விளையும் ஊர் என்பதால்தான் 1930 இல் ராஜாஜி திருச்சியிலிருந்து அங்கே நடந்து வந்தார். 1967 இல் கோடியக்கரையை வெளிமானுக்காகச் சரணாலயம் ஆக்கினார்கள். 2002 இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், தமிழ்நாட்டில் முதல் இடமாக.

சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், தீபாவளி முடிந்ததும் பறவை வரும் என்பதுதான். பூநாரைக் கூட்டம் எழும்பினால் வானத்தில் ரோஸ் கலர் துணியை உதறியது மாதிரி இருக்கும். எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். ஆனால் அங்கே கூட்டமாக வருவதில் முக்கால்வாசி, யாரும் திரும்பிப் பார்க்காத உள்ளான்கள். கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. பெயருக்கேற்ற பொடிசு. ஒரு சாணுக்கும் குறைவான நீளம், 25, 30 கிராம் எடை. கோடையில் ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டுவிட்டு, சைபீரியாவைத் தாண்டி எங்கள் ஊர்ச் சேற்றில் புழு தின்ன வரும்.

இந்தச் சேற்றில் எல்லாமே கால் கணக்குதான். பூநாரைக்கு நீளக் கால், முழங்கால் தண்ணீரிலும் நின்று மேயும். கொசு உள்ளானுக்குக் கால் இரண்டு அங்குலம்கூட வராது. ஈரச் சேறு வேண்டும், அல்லது மேலே மெல்லிசாகப் படர்ந்த தண்ணீர். நம் கண்ணுக்கு ஒரே பரப்பாகத் தெரியும் சதுப்பில் ஒவ்வொரு பறவைக்கும் அதன் கால் அளவுக்கு ஒரு தெரு இருக்கிறது. எங்கள் பக்கம் கடலின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். அப்படிப்பட்ட இடத்தில் நாலு விரற்கடை தண்ணீர் நிரந்தரமாகக் கூடினால், பூநாரை அதே இடத்தில் நிற்கும். கொசு உள்ளானின் தெரு முழுக்க மூழ்கிவிடும்.

கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது? ஐபிசிசியின் 2021 அறிக்கை சொல்கிறது: 1901 க்கும் 2018 க்கும் நடுவில் உலக சராசரி சுமார் 20 சென்டிமீட்டர். கையை விரித்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு சாண். இதில் வயிற்றைக் கலக்குவது வேகம்தான். 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர். புகையை நன்றாகக் குறைத்தாலும் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்னும் 28 முதல் 55 சென்டிமீட்டர் ஏறும். குறைக்காவிட்டால் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை போகலாம்.

"ஒரு சாணுக்கா இவ்வளவு அலட்டல்?" என்று கேட்டாள் தங்கமணி. மலைக்கோட்டை ஊர்க்காரி, அப்படித்தான் கேட்பாள் :-) செங்குத்தான கரையில் ஒரு சாண் ஏறினால் ஒரு சாண்தான். எங்கள் ஊர் மாதிரி தட்டையான இடத்தில், ஒரு சாண் ஏறும் கடல் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வரும். சாப்பாட்டுத் தட்டில் ரசம் ஊற்றுவதற்கும் டம்ளரில் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இங்கே ஒரு விஷயத்தை நான் பல வருடம் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன். கடல் ஏறினால் சதுப்பு மூழ்கிச் செத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சதுப்பு, கடலோடு பல ஆயிரம் வருடம் குடித்தனம் நடத்திய ஆசாமி. கடல் ஏறும்போது அதற்கு இரண்டு வழி தெரியும்.

ஒன்று, தானும் மேலே ஏறுவது. ஆறு கொண்டுவரும் வண்டலை அலையாத்தியின் மூச்சு வேர்கள் பிடித்து நிறுத்தும். இலையும் வேரும் மக்கும். தரை கொஞ்சம் கொஞ்சமாக உயரும். இதற்கு ஓர் எல்லை உண்டு. 2020 இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, கடந்த 10,000 வருட மண் படிவங்களைப் பார்த்து, கடல் வருடத்துக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் அலையாத்திக் காடுகளால் ஈடுகொடுக்க முடியாது என்று கணித்தது. அதுவும் வண்டல் வந்தால்தான் இந்தக் கணக்கு. முத்துப்பேட்டை காயலில் வந்து சேரும் பாமணியாறும் கோரையாறும் காவிரியின் பிள்ளைகள். காவிரியின் வண்டல் 1934 இல் மேட்டூர் அணை கட்டியதிலிருந்து அணைக்குள்ளேயே தங்கிப் போகிறது. அணை வேண்டாம் என்று சொல்ல நான் ஆள் இல்லை. எங்கள் தாத்தா அந்தத் தண்ணீரில்தான் சோறு தின்றார். மல்காஜ்கிரியில் நானும் நாகார்ஜுனசாகரிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீரைத்தான் குடிக்கிறேன். ஆனால் கணக்கு கணக்குதான். தண்ணீரை நாம் எடுத்துக்கொண்டால் மண்ணும் நம்மோடு நின்றுவிடுகிறது, கழிமுகம் பட்டினி கிடக்கிறது.

இரண்டாவது வழி, நடந்து போவது. ஆமாம், சதுப்பு நடக்கும். கடல் பக்கம் மூழ்க மூழ்க, நிலத்தின் பக்கம் உப்புத் தண்ணீர் எட்டும் புது இடத்தில் விதை விழுந்து முளைக்கும். நண்டு வரும், புழு வரும், பின்னாலேயே உள்ளானும் வரும். தலைமுறைக்குத் தலைமுறை காடு உள்ளே நகர்ந்துகொள்ளும். இதற்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். பின்னால் காலி இடம்.

2018 இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பின்னால் புதிதாக இடம் விடாவிட்டால், 2100 க்குள் உலகத்தின் கடலோர ஈரநிலங்களில் 30 சதவீதம் வரை போய்விடலாம். போதுமான ஈரநிலங்களுக்குப் பின்னால் இடம் விட்டு, வண்டல் வரத்தும் இன்றைய அளவில் தொடர்ந்தால், 60 சதவீதம் வரை கூடக்கூடச் செய்யலாம். கவனியுங்கள், அதே கடல், அதே சாண். கூடுவதா குறைவதா என்பதில் பாதி முடிவு, சதுப்புக்குப் பின்னால் இருக்கும் நிலத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

அந்தப் பின்னால் இருக்கும் நிலம் எது தெரியுமா? எங்கள் ஆறு மா.

சுற்றி உப்பளக் கரை, இறால் குளக் கரை, ரோடு, மதில் என்று வந்துவிட்டால் சதுப்பு முன்னால் கடலுக்கும் பின்னால் கரைக்கும் நடுவில் நசுங்கிப் போகும். வாயில்லாத ஜீவன்களுக்கும் இதே கதிதான். கோடியக்கரைக் காடு கடலுக்கும் சதுப்புக்கும் நடுவில் மேடாக இருக்கும் மணல் பூமி. தெற்கிலும் கிழக்கிலும் கடல். வெளிமானுக்குத் திறந்த புல்வெளியும் நல்ல தண்ணீர்க் குட்டையும் வேண்டும். குட்டையில் உப்பு ஏறினால் அது எங்கே போகும்? வடக்கே ஊர், ரோடு, நாய். 2018 நவம்பர் 16 ஆம் தேதி கஜா புயல் கரையேறிய ராத்திரி அந்த மான்களுக்கு ஓட இடம் இல்லாமல் போனதை எங்கள் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். புயல் வருவது பழைய கதை. ஆனால் கடல் ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது வரும் புயல், படியில் ஏறி நின்று கதவைத் தட்டுகிற மாதிரி.

பங்குனி ஆமை மணலில் குழி தோண்டி முட்டையிட்டுப் போகும். குஞ்சு வெளியே வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அலை அந்தக் குழியில் புகுந்து நின்றால் முட்டை மூச்சு முட்டிப் போகும். முன்பெல்லாம் ஆமை இன்னும் கொஞ்சம் மேலே ஏறி முட்டையிடும். இப்போது மேலே ஏறினால் அலைத் தடுப்புக் கல்.

இதெல்லாம் எப்போதோ நடக்கப் போவது என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவில் பிராம்பிள் கே என்று ஒரு குட்டித் தீவு. அங்கே மட்டும் வாழ்ந்த மெலோமிஸ் என்ற எலி இப்போது இல்லை. கடல் திரும்பத் திரும்ப ஏறி வந்து அது தின்னும் செடிகளை அழித்துவிட்டது. 2019 இல் ஆஸ்திரேலிய அரசு அது அற்றுப்போனதாக அறிவித்தது. மனிதன் சூடாக்கிய பூமியால் அற்றுப்போன முதல் பாலூட்டி என்று அதைச் சொல்கிறார்கள். எலிதானே என்கிறீர்களா? அந்த எலிக்கும் பின்னால் இடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நிற்க. தலைப்புக்கு வருகிறேன்.

ஹைதராபாத்தில் வீடு வாங்கிய, வாங்கப் போகிற எல்லோருக்கும் எஃப்டிஎல் என்ற மூன்றெழுத்து தெரியும். ஏரி முழுசாக நிரம்பினால் தண்ணீர் எதுவரை நிற்குமோ அந்தக் கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியேயும், 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரி என்றால் 30 மீட்டர், சின்ன ஏரி என்றால் 9 மீட்டர் காலியாக விட வேண்டும். மல்காஜ்கிரியில் ஃப்ளாட் பார்க்கப் போனபோது ஒவ்வொரு புரோக்கரும் நாம் கேட்காமலே முதலில் சொல்லும் வாசகம், "எஃப்டிஎல் லேது சார்". எங்களைச் சுற்றிப் பண்டச்செருவு, சஃபில்குடா செருவு, ராமகிருஷ்ணாபுரம் செருவு என்று ஏரிகள்தானே. நான் மூன்று முறை விசாரித்து, வரைபடத்தைப் பார்த்து, வக்கீலிடம் காட்டித்தான் வாங்கினேன்.

ஏன் அவ்வளவு பயம்? 2020 அக்டோபர் 13 ஆம் தேதி ராத்திரி பெய்த மழையை இங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் அபார்ட்மெண்ட் செல்லாரில் இடுப்பளவு தண்ணீர். நண்பர் ஒருவர் ஃப்ரிட்ஜ் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு டைனிங் டேபிள் மேல் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஏரி ஒன்றும் புதிதாக எதுவும் செய்யவில்லை. பழைய இடத்துக்கு வந்தது. அங்கே நாம் இருந்தோம். 2024 ஜூலையில் ஹைட்ரா என்ற அமைப்பு வந்து ஏரி ஆக்கிரமிப்புகளை இடிக்க ஆரம்பித்த பிறகு, எஃப்டிஎல் தெரியாத ஆளே ஊரில் இல்லை.

அத்தனை உஷாராக இருந்த நான், ஊரில் எங்கள் நிலத்துக்குக் கடலின் எஃப்டிஎல் எது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்டால் பதில் இருக்கிறது. அதுதான் வேடிக்கை. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று 1991 இல் விதி வந்தது, நாம் சி.ஆர்.இசட். என்று சொல்வது. 2011 இல் அதைத் திருத்தியபோது ஆபத்துக் கோடு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். வெள்ளம், கரை அரிப்பு, கடல் மட்ட உயர்வு எல்லாவற்றையும் 100 வருடத்துக்குக் கணக்குப் போட்டு, கடல் எதுவரை வரலாம் என்று சர்வே ஆஃப் இந்தியா வரையும் கோடு. அதாவது கடலின் எஃப்டிஎல். நல்ல யோசனை இல்லையா? 2019 ஜனவரியில் வந்த புது அறிவிக்கையில் அந்தக் கோட்டைப் பேரிடர் திட்டமிடலுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எங்கே கட்டலாம், கட்டக்கூடாது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. போதாக்குறைக்கு, ஜன நெருக்கடி அதிகமுள்ள கிராமப்புறக் கடலோரத்தில் எதுவும் கட்டக்கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள்.

கடல் உள்ளே வருகிறது. விதி வெளியே போகிறது. ஏரிக்கு 30 மீட்டர் ஒதுக்கி, மீறினால் புல்டோசர் கொண்டுவரும் நாடு, கடலுக்கு ஒரு கோடு வரைந்துவிட்டு அதைப் பார்க்காதே என்கிறது. என் கருத்து ஒரே வரிதான்: அந்தக் கோட்டுக்குச் சட்ட பலம் வேண்டும். சதுப்புக்குப் பின்னால் இருக்கும் நிலம், நாளைய சதுப்பு. இன்றைக்கே அதை அப்படி எழுதி வைக்க வேண்டும்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லியும் விட்டார்.

"ஏண்டா தம்பி, நீ ஏசி ரூம்ல பொட்டி தட்டிக்கிட்டு உள்ளானைப் பத்திப் பேசுற. கஜாவுல தென்னை அம்புட்டும் போச்சு. உங்க அம்மா வீட்டுக் கிணறு உப்பாப் போயி எத்தனை வருஷம் ஆச்சு? உள்ளானுக்கு இடம் விட்டா எனக்கு யாரு சோறு போடுவா?"

நியாயமான கேள்வி. சுற்றுச்சூழல் பேசும் நம்மில் பலபேர் இந்த இடத்தில்தான் நைசாக நழுவிவிடுகிறோம். எங்கள் மாவட்டத்தில் இறால் பண்ணைச் சண்டை புதுசு இல்லை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய், சி.ஆர்.இசட். எல்லைக்குள் பாரம்பரிய முறை தவிர்த்த இறால் பண்ணைகள் கூடாது என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கினார். 2005 இல் தனிச் சட்டம் வந்து உரிமத்தோடு வழி திறந்துவிட்டது. தீர்ப்பு வந்தது, ஆனால் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு வேறு வருமானம் வந்ததா? இல்லை. வயிற்றுக்கு வழி சொல்லாத தடை, அடுத்த வருடம் வேறு பெயரில் உடையும்.

அதனால் என் கோரிக்கையில் இரண்டாவது பாதியும் உண்டு. நிலத்தைக் கரை போடாமல் சும்மா விட்டு வைப்பது ஒரு வேலை. அந்த வேலைக்குக் கூலி கொடுங்கள். குத்தகைக்காரன் கொடுப்பதை அரசாங்கம் கொடுக்கட்டும். தமிழ்நாடு அரசு 'நெய்தல் மீட்சி இயக்கம்' என்று ஒன்றை 2023 இல் அறிவித்தது. அலையாத்திக் கன்று நடுவது நல்லதுதான். முத்துப்பேட்டையில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஓடவிட்டு, கருகிக் கிடந்த சதுப்பில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து காட்டைத் திரும்பக் கொண்டுவந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு நடும் கன்று மரமாகி நிற்கும்போது கடல் எங்கே இருக்கும் என்ற கணக்கும் வேண்டும். காசில் ஒரு பங்கு பின்பக்க நிலத்துக்குப் போக வேண்டும். கைவிட்டுப்போன இறால் குளம், உப்பளக் கரைகளை வெட்டித் தண்ணீரை உள்ளே விடுவதற்கும் போக வேண்டும்.

கனவு காண்கிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் கரையோரம் வாலஸீ தீவில் இதைச் செய்தே காட்டினார்கள். லண்டனில் கிராஸ்ரெயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டிய மண்ணில் 30 லட்சம் டன்னைக் கப்பலில் கொண்டுவந்து, கடல் சுவருக்குப் பின்னால் தாழ்ந்து கிடந்த விளைநிலத்தில் கொட்டி மேடு பள்ளம் அமைத்தார்கள். 2015 இல் சுவரை அவர்களே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். பறவை வந்துவிட்டது. கடலை அடக்குவதில் பேர்போன தேசத்தவர்களே ஓரிடத்தில், "சரி, வா, உட்கார்" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். நமக்கு அவ்வளவு மண் கொட்டும் செலவுகூட வேண்டாம். பல இடங்களில் கரை போடாமல் இருந்தாலே போதும்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லாமல் போனால் இது வெறும் ஊருக்கு உபதேசம்.

பத்திரம் கூரியரில் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. சித்தப்பாவுக்குப் போன் செய்து, "குத்தகையில உங்க பங்கு என்ன வருமோ அதை இந்த வருஷம் நான் அனுப்புறேன். ஒரு வருஷம் நிலம் அப்படியே கிடக்கட்டும்" என்றேன். பெரியப்பா பையன்களில் ஒருவன் இன்னும் என்னோடு பேசவில்லை. அவன் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம், அவன் கோபத்தில் தப்பு இல்லை. அவனுக்கு என்னிடம் பதிலும் இல்லை.

தங்கமணி கேட்டது ஒரே கேள்வி. "இந்த வருஷம் சரிங்க. அஞ்சு வருஷமும் அனுப்புவீங்களா?"

முடியாது. ஃப்ளாட் ஈஎம்ஐ இருக்கிறது, மகள் படிப்பு இருக்கிறது. தனி ஒருத்தன் சம்பளத்தில் ஒரு சதுப்பைக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் அரசாங்கம் என்கிறேன், சட்டம் என்கிறேன், கோடு என்கிறேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கடலூரிலிருந்து ராமநாதபுரம் வரை கடலோரத்துக் களர் நிலங்களின் பத்திரங்களில் எத்தனை நம் மாதிரி ஆட்களின் பெயரில் கிடக்கின்றன? செகந்திராபாத், பெங்களூர், துபாய், நியூ ஜெர்சி என்று சிதறிக் கிடக்கும் நாம் போடும் கையெழுத்தில்தான் பாதி நிலம் ப்ளாட் ஆகிறது, பண்ணை ஆகிறது. வருடத்துக்கு ஒரு முறை பொங்கலுக்குப் போய்ப் பூநாரையை போட்டோ எடுத்து "எங்க ஊரு" என்று போடுகிறோம். அடுத்த வாரம் அதன் பின்வாசலைக் குத்தகைக்கு விடுகிறோம். இந்த முறை கையெழுத்துக் கேட்டுப் போன் வந்தால், ஃப்ளாட் வாங்கும்போது கேட்ட கேள்வியை ஊர் நிலத்துக்கும் கேளுங்கள். தண்ணீர் நிரம்பினால் இங்கே எதுவரை வரும்? அது வந்தால் இங்கே யார் இருப்பார்கள்?

சித்தப்பா நேற்று மறுபடி கூப்பிட்டார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. பணம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம நிலத்துல தண்ணி நிக்குதுடா. சின்ன உள்ளான் மேயுது. பாப்பாவுக்கு லீவு எப்போ?" என்றார்.

டிக்கெட் போட வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும் போலிருக்கிறது.